சமூக அறிவியல் ஆராய்ச்சி: ப்ராஜெக்ட் பண்ற ஸ்டூடண்ட்ஸ் அடிக்கடி கேக்குற கேள்விகள்

எம்.ஏ. சோசியாலஜி, எகனாமிக்ஸ், எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிற பிள்ளைங்க ரிசர்ச் மெத்தடாலஜி பேப்பர்ல நல்ல மார்க் வாங்கிடுறாங்க, டெஃபினிஷன் எல்லாம் மனப்பாடமா சொல்றாங்க, ஆனா ப்ராஜெக்ட்னு வந்ததும் எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம முழிக்கிறாங்க. அவங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகளைத்தான் இங்க எடுத்து வச்சிருக்கேன். உதாரணத்துக்கு ஒரே டாபிக்கைக் கூடவே கூட்டிட்டுப் போறேன்: தமிழ்நாட்டுல 2021 மே மாசம் ஆரம்பிச்ச பெண்களுக்கான இலவசப் பஸ் பயணம். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், நிறைய பேர் ப்ராஜெக்டுக்கு எடுக்கிற டாபிக்கும் கூட.

டாபிக் ஓகே ஆயிடுச்சு. உடனே கொஸ்டினேர் போட ஆரம்பிக்கலாமா?

வேண்டாம், தயவுசெஞ்சு வேண்டாம். நல்ல ப்ராஜெக்ட் கெட்டுப்போறதே பெரும்பாலும் இந்த இடத்துலதான். "விழுப்புரம் மாவட்டத்தில் மகளிர் இலவசப் பேருந்துப் பயணம் – ஓர் ஆய்வு" அப்படின்னு கைடு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா அது டாபிக், அவ்ளோதான், அதுக்குள்ள இன்னும் கேள்வியே இல்ல. கேள்வின்னா இப்படி இருக்கணும்: "டவுன் பஸ் வர்ற கிராமத்துப் பெண்கள், திட்டம் வந்த பிறகு முன்னைவிடத் தூரமா வேலைக்குப் போறாங்களா?" இதுக்குப் பதில் ஆமான்னும் வரலாம், இல்லன்னும் வரலாம். எந்தப் பதில் வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்னா அதை ஆராய்ச்சி பண்ணவே தேவையில்ல.

நான் பிள்ளைங்ககிட்ட சொல்றது ஒண்ணுதான். ஃபீல்டுக்குப் போறதுக்கு முன்னாடி காலி டேபிளை ஒரு வெள்ளைப் பேப்பர்ல வரைங்க. இந்தப் பக்கம் டவுன் பஸ் வர்ற ஊர், அந்தப் பக்கம் வராத ஊர், மேல 5 கிலோமீட்டருக்குள்ள வேலை, 5ல இருந்து 15, 15க்கு மேல. நம்பர் எதுவும் வேண்டாம், கட்டம் மட்டும் போதும். அந்தக் கட்டத்தை ரொப்புறதுக்கு என்ன கேக்கணுமோ அதுதான் உங்க கொஸ்டினேர். டேபிள்ல எங்கயும் வந்து உக்காராத கேள்வியை எடுத்துருங்க. "உங்கள் மதம் என்ன, வீடு ஓட்டு வீடா மாடி வீடா, ரேஷன் கார்டு என்ன கலர்"னு பழைய ப்ராஜெக்ட்ல இருந்து காப்பியடிச்ச முதல் ரெண்டு பக்கம் பாதிக்குமேல அப்பவே காணாமப் போயிடும், பதில் சொல்றவங்களோட நேரமும் மிச்சம்.

ரெவ்யூ ஆஃப் லிட்டரேச்சருக்கு எத்தனை ஸ்டடி சேக்கணும்?

எண்ணிக்கை முக்கியமே இல்ல. "இவர் இந்த வருஷம் இப்படிக் கண்டுபிடிச்சார், அவர் அந்த வருஷம் அப்படிக் கண்டுபிடிச்சார்"னு பாரா பாராவா அடுக்குறது ரெவ்யூ ஆகாது. உங்க கேள்விக்குப் பக்கத்துல வர்ற பத்துக் கட்டுரையை முழுசாப் படிங்க, அவங்க யாரைக் கேட்டாங்க, யாரைக் கேக்கல, எதை எப்படி அளந்தாங்கன்னு குறிச்சுக்குங்க. அதுல விட்டுப்போன இடம் எதுவோ அதுதான் நீங்க நிக்கப்போற இடம். இந்தியப் பல்கலைக்கழகத் தீசிஸ் நிறைய ஷோத்கங்காங்கிற இணையதளத்துல இலவசமாக் கிடைக்குது, அதுல முடிவுரையைவிட மெத்தடாலஜி சாப்டரை முதல்ல படிங்க.

ஹைபாதிசிஸ் கட்டாயமா இருக்கணுமா?

ஹைபாதிசிஸ்னா டேட்டாவை வச்சுச் சோதிச்சுப் பாக்கப்போற ஊகம். எல்லா ஆய்வுக்கும் அது வேண்டியதில்ல. ரெண்டு விஷயத்துக்கு நடுவுல இருக்கிற தொடர்பைச் சோதிக்கப் போறீங்கன்னா வேணும். ஒரு விஷயம் எப்படி நடக்குது, ஜனங்க அதை எப்படிப் பாக்குறாங்கன்னு தெரிஞ்சுக்கப் போறீங்கன்னா ஆராய்ச்சிக் கேள்வி மட்டும் போதும். சினாப்சிஸ் ஃபார்ம்ல அந்தக் கட்டம் இருக்கேன்னு "வயதுக்கும் திருப்திக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை"ன்னு ஒண்ணு எழுதி வைக்கிறாங்க பாருங்க, வயசுக்கும் திருப்திக்கும் ஏன் தொடர்பு இருக்கணும்னு ஒரு காரணமாவது சொல்ல முடியலைன்னா அதை எழுதவே கூடாது.

குவாண்டிடேட்டிவ் நல்லதா, குவாலிடேட்டிவ் நல்லதா?

எதைத் தெரிஞ்சுக்கணும்ங்கிறதுதான் அதை முடிவு பண்ணும். எத்தனை பேர், எவ்வளவு தூரம், கூடுச்சா குறைஞ்சுதான்னு கேட்டா எண்ணணும், அது குவாண்டிடேட்டிவ். பஸ் காசு மிச்சமான பிறகு அந்தக் காசு வீட்டுல யார் கையில தங்குது, தனியா டவுனுக்குப் போறதை மாமியார் என்ன சொல்றாங்க, போயிட்டு லேட்டா வந்தா என்ன நடக்குதுன்னு கேட்டா உக்காந்து பேசணும், ஒரு தடவை பேசினா பத்தாது, திரும்பவும் போகணும், அது குவாலிடேட்டிவ். மானுடவியலாளர் கேத்லீன் கஃப் 1950களின் ஆரம்பத்துல தஞ்சாவூர் கிராமங்கள்ல மாசக்கணக்கா தங்கித்தான் சாதிக்கும் நிலத்துக்கும் இருக்கிற பின்னலை எழுதினாங்க. அதை ஆம், இல்லைன்னு டிக் அடிக்கிற ஃபார்ம்ல எடுத்திருக்கவே முடியாது.

கணக்கு வராது அதனால குவாலிடேட்டிவ் எடுக்கிறேன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கிறதில்ல. ஒரு மணி நேரப் பேட்டியைக் கேட்டுக் கேட்டு டைப் பண்றதுக்கு அஞ்சாறு மணி நேரம் சாதாரணமா ஆகும், அப்புறம் வரிவரியாப் படிச்சு, எந்த வரி எதைப் பத்திப் பேசுதுன்னு குறி போட்டுக் கோடிங் பண்ணணும், உழைப்பு அதுல ஒண்ணும் கம்மி கிடையாது.

சாம்பிள் சைஸ் எவ்வளவு? எல்லாரும் 384ன்னு சொல்றாங்களே?

அந்த 384 எங்கிருந்து வருதுன்னு ஒரு தடவை கையால போட்டுப் பாத்துருங்க. 95 சதவீத நம்பிக்கைக்கு 1.96, அதை ஸ்கொயர் பண்ணி, 0.5 பெருக்கல் 0.5ஆல பெருக்கி, நீங்க ஏத்துக்குற பிழை 5 சதவீதம்னா 0.05ஐ ஸ்கொயர் பண்ணி வகுத்தா 384.16 வருது. பிழை 10 சதவீதம் போதும்னா 96 பேர் போதும், 3 சதவீதம் வேணும்னா 1067 பேர் வேணும். பிழையைப் பாதியாக் குறைக்க நாலு மடங்கு ஆள் வேணும்ங்கிறது இதுல இருந்தே புரியும். மொத்த எண்ணிக்கையை வச்சு சாம்பிள் சைஸ் போடுற யமானே ஃபார்முலாவும் கிட்டத்தட்ட இதே கதைதான், 2000 குடும்பம் இருக்கிற இடத்துல 5 சதவீதப் பிழைக்கு 333 வரும்.

ஆனா இந்தக் கணக்கு எல்லாத்துக்கும் ஒரு நிபந்தனை இருக்கு: லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் தேர்வாகச் சம வாய்ப்பு இருக்கணும், அதாவது குலுக்கல் முறையில எடுத்திருக்கணும். பஸ் ஸ்டாண்டுல நின்னு கிடைச்சவங்களைக் கேட்டுட்டு 384ன்னு எழுதினா அந்த நம்பருக்கு எந்த அர்த்தமும் கிடையாது.

எண்ணிக்கை மட்டும் காப்பாத்தாதுங்கிறதுக்கு அமெரிக்காவுல 1936ல நடந்ததைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். லிட்டரரி டைஜெஸ்ட்ங்கிற பத்திரிகை ஜனாதிபதித் தேர்தலுக்கு சுமார் 1 கோடி பேருக்குக் கார்டு அனுப்புச்சு, 24 லட்சம் பேர் பதில் போட்டாங்க, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ன லாண்டன்ங்கிற வேட்பாளர் 57 சதவீதம் வாங்கி ஜெயிப்பார்னு எழுதினாங்க. ஜெயிச்சது ரூஸ்வெல்ட், அதுவும் 48 மாநிலத்துல 46ஐப் பிடிச்சு. விலாசம் எல்லாம் டெலிஃபோன் டைரக்டரி, கார் ரிஜிஸ்ட்ரேஷன் இந்த மாதிரி இடத்துல இருந்து எடுத்தது, பொருளாதார மந்தம் நடந்த அந்தக் காலத்துல ஃபோனும் காரும் யார் வீட்டுல இருந்திருக்கும்னு யோசிங்க. அதோட கார்டு வந்தவங்கள்ல நாலுல ஒருத்தர்தான் பதில் போட்டிருக்காங்க, மெனக்கெட்டுப் போட்டவங்களும் போடாதவங்களும் ஒரே மாதிரி ஆட்கள் இல்ல. அதே தேர்தல்ல ஜார்ஜ் காலப்ங்கிற கருத்துக்கணிப்பாளர் சுமார் 50,000 பேரை மட்டும் வச்சு ரூஸ்வெல்ட்தான்னு சரியாச் சொன்னார்.

அதனால எத்தனை பேர்னு கேக்குறதுக்கு முன்னாடி யார் விடுபடுறாங்கன்னு கேளுங்க. இந்தப் பேஜ்ல ஒரே ஒரு விஷயத்தை எடுத்துட்டுப் போங்கன்னா நான் இதைத்தான் சொல்லுவேன். இலவசப் பஸ் ஆய்வை பஸ் ஸ்டாப்ல பண்ணினா, பஸ்ஸே வராத ஊர்ப் பெண்கள் விடுபட்டுப் போறாங்க, ஷேர் ஆட்டோல போறவங்க விடுபடுறாங்க, வீட்டை விட்டு அனுப்பாத பெண்கள் விடுபடுறாங்க. அப்புறம் "96 சதவீதப் பெண்கள் பஸ் பயன்படுத்துகிறார்கள்"னு டேபிள் வந்தா ஆச்சரியப்பட என்ன இருக்கு, நீங்க கேட்டதே பஸ்ஸுக்கு நிக்கிறவங்களை.

அப்ப கூகுள் ஃபார்ம் அனுப்பலாமா? டைம் இல்லையே?

காலேஜ் ஸ்டூடண்ட்ஸைப் பத்தின ஆய்வு, உங்ககிட்ட முழு லிஸ்ட் இருக்கு, அதுல இருந்து குலுக்கி எடுத்து அவங்களுக்கு மட்டும் அனுப்புறீங்கன்னா தாராளமா அனுப்பலாம். வாட்ஸப் குரூப்ல போட்டு "ஃப்ரெண்ட்ஸ் ப்ளீஸ் ஃபில் பண்ணுங்க, ஃபார்வர்டும் பண்ணுங்க"ன்னா அது உங்க ஃப்ரெண்ட்ஸோட ஃப்ரெண்ட்ஸ் பத்தின ஆய்வு. அது தப்புன்னு சொல்லல, ஆனா தலைப்புல "தமிழக இளைஞர்கள்"னு போட்டுக்கக் கூடாது.

கிராமத்துல குலுக்கல் முறையில எப்படி எடுக்கிறது? லிஸ்ட் எங்க இருக்கு?

வாக்காளர் பட்டியல் கிடைக்கும், ஆனா அதுல 18 வயசுக்கு மேல உள்ளவங்க மட்டும்தான், வெளியூர்ல வேலைக்குப் போனவங்க பேரும் இருக்கும், புதுசாக் கல்யாணம் ஆகி வந்த பொண்ணு பேர் இருக்காது. அதனால சின்ன ஊர்னா நீங்களே ஒரு நாள் முழுக்க நடந்து வீட்டு லிஸ்ட் போடுறதுதான் நல்லது. ஊர், காலனி, தோப்புக்குள்ள தனியா இருக்கிற ரெண்டு வீடு, எல்லாத்துக்கும் நம்பர் போடுங்க. 240 வீடு இருக்கு, 40 வேணும்னா ஆறுக்கு ஒண்ணு, ஒண்ணுல இருந்து ஆறுக்குள்ள ஒரு சீட்டு எடுத்து அங்கிருந்து ஒவ்வொரு ஆறாவது வீடு. பூட்டியிருந்தா பக்கத்து வீட்டுக்குப் போயிடாதீங்க, சாயந்திரம் திரும்பி வாங்க, ஏன்னா பகல்ல பூட்டியிருக்கிற வீடுதான் ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு.

இன்னொண்ணு. ஊருக்குள்ள போனதும் மெயின் ரோட்டுத் தெருவுல உக்காந்து அங்கயே கோட்டாவை முடிச்சுட்டு வர்ற பழக்கம் இருக்கு. நம்ம ஊர்ல தெருன்னா சாதி. எந்தத் தெருவுக்குப் போகலங்கிறதுலயே உங்க ஆராய்ச்சி முடிவு பாதி எழுதப்பட்டுடும்.

நல்ல கேள்வி எப்படி எழுதுறது?

இதுல கொஞ்ச நேரம் நிக்கணும், ஏன்னா அதிகமா அவசரப்படுற வேலை இதுதான்.

"இலவசப் பேருந்துத் திட்டத்தால் தங்கள் வாழ்க்கைத் தரம் உயர்ந்துள்ளதா? ஆம் / இல்லை." இப்படி ஒரு கேள்வி. கேக்கிறவர் காலேஜ்ல இருந்து வந்திருக்கார், கையில ஃபார்ம், அரசாங்கத்து ஆளோன்னு சந்தேகம் வேற, இல்லன்னு சொன்னா திட்டத்தை நிறுத்திடுவாங்களோன்னு பயம். எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. வாழ்க்கைத் தரம்னா ஒருத்தருக்கு மூணு வேளை சாப்பாடு, இன்னொருத்தருக்குப் பிள்ளையோட ஸ்கூல் வேன். அதை உடைச்சுக் கேளுங்க: "போன வாரம் எத்தனை நாள் பஸ்ல போனீங்கக்கா? எங்கெல்லாம் போனீங்க? இந்தத் திட்டம் வரலைன்னா அதுல எதுக்குப் போயிருக்க மாட்டீங்க?" அந்த மூணாவது கேள்விக்குத்தான் உண்மையான விஷயம் வரும், ஆஸ்பத்திரிக்கு ஃபாலோஅப் போறது, அம்மா வீட்டுக்குப் போறதுன்னு நீங்க நினைச்சே பாக்காத பதில் எல்லாம் வரும்.

"மாத வருமானம் எவ்வளவு?" இது அடுத்தது. நாத்து நட, களை எடுக்கப் போற அம்மாவுக்கு மாத வருமானம்னு ஒண்ணு கிடையாது, சீசன்ல இருக்கும், ஆடி மாசம் ஒரு மாதிரி, தை மாசம் ஒரு மாதிரி. போன ஏழு நாள்ல எத்தனை நாள் வேலை கிடைச்சுது, என்ன வேலை, ஒரு நாளைக்கு என்ன கூலி, கையில எப்ப குடுத்தாங்கன்னு கேட்டா அவங்களுக்கும் சொல்ல முடியும், உங்களுக்கும் கணக்குப் போட முடியும்.

"வேலைக்குப் போறீங்களா?"ன்னு கேட்டா "இல்லப்பா, வீட்டுல சும்மாதான் இருக்கேன்"னு சொல்லுவாங்க. பின்னாடி ரெண்டு மாடு கட்டியிருக்கும், காலையில பால் ஊத்திட்டு வந்திருப்பாங்க, மடியில முறத்துல பீடி இலை இருக்கும். நம்ம ஃபார்ம்ல "வேலை: இல்லை"ன்னு டிக் ஆயிடும். மத்திய அரசு வீடு வீடாப் போய் எடுக்கிற நேஷனல் சாம்பிள் சர்வேல இதுக்குன்னே கோட் இருக்கு, வீட்டு வேலை மட்டும் பாக்குறவங்களுக்கு 92, வீட்டு வேலையோட விறகு பொறுக்குறது, வீட்டுத் தேவைக்குத் தைக்கிறது மாதிரி வேலையும் சேத்துப் பாக்குறவங்களுக்கு 93. பால் வித்துக் காசு வாங்குறவங்களோ பீடி சுத்துறவங்களோ இந்த ரெண்டுலயும் வரமாட்டாங்க, அவங்க உழைப்பாளிகள்தான், ஆனா ஒரே கேள்வியில நின்னுட்டா அவங்களையும் 92ல போட்டுருவோம். காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்ன செஞ்சீங்கன்னு வரிசையாக் கேட்டாத்தான் வெளிய வரும். 2019ல தேசிய அளவுல நடந்த நேரப் பயன்பாட்டு சர்வே இப்படி ஒரு நாளையே பிரிச்சுப் பிரிச்சுக் கேட்டதுதான்.

எத்தனை நாளைக்கு முன்னாடி வரைக்கும் ஞாபகப்படுத்திச் சொல்லச் சொல்றோம்ங்கிறதும் சின்ன விஷயம் இல்ல. 1999-2000ல நேஷனல் சாம்பிள் சர்வேயோட 55ஆவது சுற்றுல, சாப்பாட்டுச் செலவை 7 நாளைக்கும் 30 நாளைக்கும் பக்கத்துப் பக்கத்துலயே கேட்டாங்க. ஒரே ஆள்கிட்ட ரெண்டையும் ஒண்ணாக் கேட்டா ஒண்ணுக்கொண்ணு பொருந்துற மாதிரிதானே பதில் வரும், அதனால முந்தைய சுற்றுகளோட இதை ஒப்பிடலாமான்னே பொருளாதார நிபுணர்கள் மத்தியில பெரிய சண்டை. 1993-94ல 36 சதவீதமா இருந்த வறுமை 26 சதவீதமாக் குறைஞ்சதுன்னு அரசாங்கம் சொன்னது உண்மையிலேயே அவ்வளவு குறைஞ்சதா, இல்ல கேள்வி மாறினதால குறைஞ்ச மாதிரி தெரியுதான்னு வருஷக்கணக்கா விவாதம் நடந்துச்சு. ரெண்டு காலம் பக்கத்துல வந்ததுக்கே இவ்ளோ.

ஒரே கேள்வியில ரெண்டு விஷயம் வைக்காதீங்க, "பேருந்து வசதியும் பாதுகாப்பும் திருப்தியா?"ன்னா வசதி இருக்கு பாதுகாப்பு இல்லைங்கிறவங்க என்ன சொல்லுவாங்க. "முற்றிலும் உடன்படுகிறேன்"ல இருந்து "முற்றிலும் மறுக்கிறேன்" வரைக்கும் அஞ்சு பதில் இருக்கிற லைக்கர்ட் ஸ்கேலை கிராமத்துல வாய்ல சொல்லிக் கேட்டா "முற்றிலும் உடன்படுகிறேன்"க்கும் "உடன்படுகிறேன்"க்கும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, முதல்ல சரியா இல்லையான்னு கேட்டுட்டு அப்புறம் ரொம்பவா கொஞ்சமான்னு ரெண்டு படியாக் கேளுங்க. எல்லாத்தையும் எழுதி முடிச்சு, சாம்பிள்ல வராத ஒரு ஊர்ல பத்துப் பதினஞ்சு பேர்கிட்ட கேட்டுப் பாருங்க. எங்க அவங்க "என்ன கேக்குறீங்க?"ன்னு திருப்பிக் கேக்குறாங்களோ அங்க கேள்வி சரியில்லைன்னு அர்த்தம்.

பெண்கள்கிட்ட கேக்கும்போது வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு அவரே பதில் சொல்றாரே?

சொல்லத்தான் செய்வார். ஊர்ல பாதிப் பேர் கூடிடுவாங்க. ரெண்டு பேராப் போங்க, ஒருத்தர் அவர்கிட்ட தனியா ஊர் விவரம், நிலம், பஸ் டைமிங்னு பேசிட்டு இருக்கட்டும், இன்னொருத்தர் இங்க அக்காகிட்ட பேசட்டும், முடிஞ்சா பேசறது பொண்ணா இருக்கட்டும். தேசியக் குடும்பநல சர்வேல குடும்ப வன்முறை பத்தின பகுதிக்கு ஒரு வீட்டுல ஒரே ஒரு பெண்ணைத்தான் எடுப்பாங்க, தனிமை கிடைச்சாத்தான் கேப்பாங்க, கிடைக்கலைன்னா அந்தப் பகுதியைக் கேக்காமலே விட்டுருவாங்க. பதிலைவிட அந்தப் பெண்ணோட பாதுகாப்பு பெருசு. உங்க ப்ராஜெக்டுக்கும் அதே கணக்குதான்.

கன்சென்ட், எத்திக்ஸ் எல்லாம் மெடிக்கல் ரிசர்ச்சுக்குத்தானே?

இல்லவே இல்ல. அமெரிக்காவுல டஸ்கீகில 1932ல இருந்து 1972 வரைக்கும், சிஃபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு என்ன நோய்ன்னே சொல்லாம, பென்சிலின் வந்த பிறகும் குடுக்காம, நோய் எப்படி முத்துதுன்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. அது வெளிய வந்த பிறகுதான் 1979ல பெல்மாண்ட் அறிக்கைல, மனுஷங்களை வச்சுப் பண்ற எல்லா ஆராய்ச்சிக்கும் மரியாதை, நன்மை, நியாயம்னு அடிப்படை வகுத்தாங்க. நம்ம சர்வேல ஊசி போடலைதான், ஆனா ஒருத்தரோட கடன் விவரத்தை ஊர்ப் பேரோட, தெருப் பேரோட, "சத்துணவு அமைப்பாளர், வயது 43"ன்னு எழுதினா அந்த ஊர்ல எல்லாருக்கும் அது யாருன்னு தெரிஞ்சிடும். ஊருக்கு ஒருத்தர்தானே அந்த வேலையில இருப்பாங்க.

சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1960களின் ஆரம்பத்துல தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒண்ணுல ஆய்வு பண்ணிட்டு அதுக்கு ஸ்ரீபுரம்னு வேற பேர் வச்சுத்தான் எழுதினார். நீங்களும் ஊர்ப் பேரை மாத்துங்க, ஆளோட அடையாளத்தைக் கலைங்க. பேச ஆரம்பிக்கும்போதே, நான் யாரு, எதுக்குக் கேக்குறேன், இதனால உங்களுக்குக் காசோ திட்டமோ கிடைக்காது, பிடிக்கலைன்னா எப்ப வேணாலும் நிறுத்திக்கலாம்னு பேச்சுத் தமிழ்லயே சொல்லிடுங்க. கையெழுத்து, கைநாட்டு கேட்டா நிறைய பேர் பயப்படுவாங்க, வாயால சம்மதம் வாங்கித் தேதி போட்டுக் குறிச்சுக்கலாமான்னு கைடுகிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க. ரெக்கார்டர் ஆன் பண்றதைச் சொல்லாமப் பண்ணவே கூடாது.

ஃபீல்டு நோட்ஸ் அன்னைக்கே எழுதணுமா?

அன்னைக்கு ராத்திரியே. அதோட ஒரு காப்பி வேற இடத்துல இருக்கணும். சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீநிவாஸ் 1948ல மைசூர் பக்கம் ராம்புரா கிராமத்துல எடுத்த குறிப்பை எல்லாம் வருஷக்கணக்கா உக்காந்து ஒழுங்குபடுத்தி மூணு காப்பி வச்சிருந்தார். 1970ல ஸ்டான்ஃபோர்டுல அவர் இருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வச்சாங்க, மூணு காப்பியும் அந்த ரூம்லயே இருந்து எரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் மனசுல இருந்ததை வச்சு அவர் எழுதின புத்தகம்தான் 1976ல வந்து இன்னைக்கும் எல்லா சமூகவியல் டிபார்ட்மெண்ட்லயும் படிக்கிறாங்க. அவருக்கு அந்த ஊர் மனசுல பதிஞ்சிருந்துச்சு, நமக்கு மூணு வார ஃபீல்டு ஒர்க் அப்படிப் பதியாது, அதனால ஃபோட்டோ எடுத்து மெயில்ல போட்டு வைங்க.

புதுசா டேட்டா எடுக்காம, இருக்கிற டேட்டாவை வச்சுப் பண்ணினா மதிப்புக் குறைவா?

கிடையவே கிடையாது, சொல்லப்போனா நிறைய பேர் அப்படித்தான் பண்ணணும். நேஷனல் சாம்பிள் சர்வே 1950ல இருந்து நடக்குது, அதோட தனித்தனிக் குடும்ப அளவுல உள்ள டேட்டாவை மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தோட தளத்துல இருந்து இலவசமா எடுக்கலாம். 2017-18ல இருந்து வேலைவாய்ப்புக்குன்னு தனி சர்வே இருக்கு.

பழைய ஆய்வை அதே ஊர்ல திரும்பப் பண்றதும் ஒரு வழி, அதுக்கு நம்மகிட்டயே அருமையான வரலாறு இருக்கு. மெட்ராஸ் யுனிவர்சிட்டில எகனாமிக்ஸ் ப்ரொஃபசரா வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916ல தன்னோட ஸ்டூடண்ட்ஸைக் கையில கேள்விப் பட்டியலைக் குடுத்து கிராமங்களுக்கு அனுப்பினார், இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம் மாதிரி ஊர்களோட விவரம் 1918ல புத்தகமா வந்துச்சு. அதே ஊர்கள்ல 1930கள்ல திரும்பவும் ஆய்வு, 1960கள்ல, 1980கள்ல திரும்பவும். விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டுல 2008லயும் பண்ணியிருக்காங்க. ஒரே ஊரோட நிலம், கூலி, சாதி உறவு எப்படி மாறுச்சுன்னு கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக்குத் தொடர்ந்து பாக்க முடியுது. ஸ்டூடண்ட்ஸ் எடுத்த டேட்டாலதான் இது ஆரம்பிச்சுதுங்கிறது எனக்கு ரொம்பப் பெருமையான விஷயம், உங்க ப்ராஜெக்டையும் அந்தக் கவனத்தோட எழுதி வைங்க, யாராவது முப்பது வருஷம் கழிச்சு எடுத்துப் பாக்கலாம்.

மாவட்ட அளவு டேட்டால தெரியுற தொடர்பை ஆளுங்களுக்கும் சொல்லலாமா?

கூடாது. ராபின்சன்ங்கிற சமூகவியலாளர் 1950ல இதைக் காட்டினார். அமெரிக்காவுல 1930 சென்சஸ்படி, வெளிநாட்டுல பிறந்தவங்க அதிகமா இருக்கிற மாநிலங்கள்ல எழுத்தறிவின்மை குறைவா இருந்துச்சு, தொடர்பை அளக்கிற எண் மைனஸ் 0.53, மைனஸ்னா ஒண்ணு கூடினா இன்னொண்ணு குறையுதுன்னு அர்த்தம். ஆள் ஆளாப் பாத்தா நேர் எதிர், குடியேறினவங்ககிட்டதான் எழுத்தறிவின்மை கொஞ்சம் அதிகம், பிளஸ் 0.12. அவங்க போய்க் குடியேறினது படிப்பு அதிகமா இருந்த மாநிலங்கள்ல, அவ்ளோதான் விஷயம்.

திட்டத்துக்கு முன்னாடி, பின்னாடின்னு ஒப்பிட்டா அது திட்டத்தோட விளைவுதானே?

முன்னாடியும் பின்னாடியும் வேற எதுவும் மாறலைன்னா சரி. ஆனா இந்தத் திட்டம் நடைமுறைக்கு வந்தது 2021 மே 8, ரெண்டே நாள்ல கொரோனா ஊரடங்கு, பஸ்ஸே நின்னுடுச்சு. 2020ல எத்தனை பேர் பஸ்ல போனாங்க, 2022ல எத்தனை பேர் போறாங்கன்னு ஒப்பிட்டா கூடியிருக்கத்தான் செய்யும், திட்டமே வராம இருந்திருந்தாலும் கூடியிருக்கும். அதனாலதான் முதல்லயே ரெண்டு வகை ஊர் போட்டுக் கட்டம் வரையச் சொன்னேன். இலவசம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல மட்டும்தான், வெளியூர் பஸ் மட்டும் நிக்கிற ஊருக்கு அந்தப் பலன் கிடைக்கல, ஆனா கொரோனா ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான். ரெண்டு ஊர்லயும் எவ்வளவு மாறியிருக்குன்னு பாத்து, வித்தியாசத்தோட வித்தியாசத்தை எடுத்தா உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்துல வரலாம். முழுசா வந்துட்டோம்னு அப்பவும் சொல்ல முடியாது, ஏன்னா டவுன் பஸ் வர்ற ஊர் ஏற்கனவே டவுனுக்குப் பக்கத்துல இருக்கிற ஊர், அங்க கம்பெனி வேலையும் வேகமாக் கூடியிருக்கலாம்.

கை-ஸ்கொயர் போட்டேன், 0.05க்குக் கீழ வந்துச்சு. கண்டுபிடிப்பு தானே?

கை-ஸ்கொயர்ங்கிறது டேபிள்ல தெரியுற தொடர்பு தற்செயலா வந்திருக்குமான்னு பாக்குற சோதனை, 0.05க்குக் கீழன்னா தொடர்பே இல்லாட்டி இப்படி வர வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கம்மின்னு அர்த்தம். ஆனா எத்தனை கை-ஸ்கொயர் போட்டீங்க? வயசு, படிப்பு, சாதி, வருமானம்னு ஒவ்வொண்ணையும் எல்லாத்தோடயும் சேத்து 20 டேபிள் போட்டா, உண்மையில எங்கயுமே தொடர்பு இல்லாட்டியும் சராசரியா ஒண்ணு 0.05க்குக் கீழ வரத்தான் செய்யும். நீங்க எதைச் சோதிக்கப் போறேன்னு முன்னாடியே எழுதி வச்சீங்களோ அதைப் பேசுங்க, மத்ததை "இப்படியும் தெரியுது"ன்னு அடக்கமாச் சொல்லுங்க. அதோட வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னும் எழுதுங்க.

வித்தியாசமே இல்லைன்னு வந்துடுச்சு. ப்ராஜெக்ட் ஃபெயிலா?

இல்ல! டவுன் பஸ் வந்தும் வேலைக்குப் போற தூரம் மாறலைன்னா அது பெரிய செய்தி. பஸ் டைமிங் வேலை நேரத்துக்குப் பொருந்தலையா, குழந்தையைப் பாத்துக்க ஆள் இல்லையா, போற இடத்துல வேலையே இல்லையான்னு அடுத்த கேள்வி அங்கதான் பிறக்குது. நம்பரை மட்டும் தொடாதீங்க.

ப்ளேஜியரிசம் எவ்வளவு சதவீதம் வரை ஓகே?

யுஜிசியோட 2018 விதிப்படி தீசிஸ்ல 10 சதவீதம் வரைக்கும் தண்டனை இல்ல, 10க்கு மேல 40 வரைன்னா திருத்திக் குடுக்கணும், 40க்கு மேல 60 வரைன்னா ஒரு வருஷம் சப்மிட் பண்ண முடியாது, 60க்கு மேல போனா ரிஜிஸ்ட்ரேஷனே கேன்சல். ஆனா சாஃப்ட்வேர்ல 3 சதவீதம் வந்தாலும் அந்த 3 சதவீதம் அடுத்தவங்களோட முக்கியமான கருத்தா இருந்து பேர் சொல்லாம எடுத்திருந்தா அது திருட்டுதான். உக்காந்த இடத்துலயே ஃபார்மை ரொப்புறது அதைவிட மோசம், டேட்டாவைப் பாத்தாலே பெரும்பாலும் தெரிஞ்சிடும், ஒரே ஆள் ரொப்பின 60 ஃபார்ம்ல பதில் எல்லாம் ஒரே தினுசா நடுவுலயே நிக்கும்.

வைவால என்ன கேப்பாங்க?

பெரும்பாலும் மெத்தடாலஜி சாப்டரைத்தான் திறப்பாங்க. இந்த ஊரை ஏன் எடுத்தீங்க, லிஸ்ட் எங்கிருந்து வந்துச்சு, எத்தனை வீடு பூட்டியிருந்துச்சு, எத்தனை பேர் பேச மறுத்தாங்க, இந்த டேபிள்ல மொத்தம் ஏன் 118, அந்த டேபிள்ல ஏன் 120? விடுபட்டவங்களை மறைக்காம எண்ணிக்கையோட எழுதியிருந்தா இந்தக் கேள்விகளுக்கு உக்காந்த இடத்துலயே பதில் சொல்லிடலாம். காலியான கொஸ்டினேர் ஒண்ணு, எந்தப் பதிலுக்கு என்ன நம்பர்னு எழுதின கோட் ஷீட், ரொப்பின ஃபார்ம் கட்டு, ஃபீல்டு நோட்புக் எல்லாத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்க. ஃபார்ம்ல பேர் எழுதியிருந்தா அந்தப் பக்கத்தை முன்னாடியே கிழிச்சுத் தனியாப் பூட்டி வச்சுட்டுப் போங்க.